கடல் தள்ளிப்போன ஊர்

மலாக்கா நகரின் துன் டான் செங் லோக் சாலை வீடுகளின் பின்கட்டில் ஒரு காலத்தில் அலை வந்து மோதியது. கடலைத் தூர்த்து நிலமாக்கிய பிறகு அங்கே கடைவீதிகள் எழுந்துவிட்டன. மணல் கரையைப் பார்க்க வடக்கே தஞ்சோங் பிடாராவுக்குப் போக வேண்டும். அதற்கும் அப்பால், நெகிரி செம்பிலான் மாநிலத்தை ஒட்டித் தனித்துண்டாகக் கிடக்கும் மலாக்கா மண், தஞ்சோங் துவான். மார்ச் மாதத்தில் சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து வரும் தேன்பருந்துகள், 1863இல் கட்டப்பட்ட அதன் கலங்கரை விளக்கத்துக்கு மேலே வட்டமிட்டு உயர்ந்து வடக்கே போகின்றன.

15ஆம் நூற்றாண்டில் பருவக்காற்றை நம்பிச் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் வணிகர்கள் இங்கேயே பெண்ணெடுத்துத் தங்கினார்கள். அவர்களின் வழிவந்தவர்களே மலாக்கா செட்டிகள். 1511இல் போர்த்துகீசியர் ஊரைப் பிடித்தபோது, நைனா சட்டு என்ற வணிகர் அமைச்சர் நிலையிலான பெண்டஹாரா பதவியே பெற்றார். இன்று காஜா பெராங்கில் உள்ள கம்போங் செட்டியில் பேச்சு மலாய். பெண்களின் உடை கெபாயா. வழிபாடு மட்டும் சைவம். தாய்மொழி கைநழுவிய பின்னும் தெய்வத்தை விடாத இந்தப் பிடிப்புதான் மலாக்காவின் பெரிய அதிசயம்.

தைவநாயகம் செட்டி 1781இல் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில், மசூதியும் சீனக் கோயிலும் இருக்கும் அதே தெரு வரிசையில் நிற்கிறது. பொங்கலுக்கு முதல் நாள் வீடுகளில் 'பர்ச்சு பொங்கல்' நடக்கிறது. முன்னோருக்கு வாழையிலை விரித்து, சோறும் கறியும் பலகாரமும் பழமும் படைத்து, சாம்பிராணி காட்டுகிறார்கள். முன்னோர் உண்டு முடிக்கும் நேரம் என்று காத்திருந்த பிறகே வீட்டார் சாப்பிடுவார்கள். சித்திரை, வைகாசியில் மாரியம்மன் திருவிழாவுக்குக் காவடி எடுக்கிறார்கள். அம்மை நோயை நினைத்து மலாயில் அதை 'டத்தோ சச்சார்' வழிபாடு என்கிறார்கள்.

தோட்டத் தமிழர்கள் வந்தது மிகவும் பின்னால். 1896இல் சீன வணிகர் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். அடுத்து புக்கிட் அசஹானும் ரப்பர் காடானது. பால்மரம் சீவ ஆட்கள் தமிழகத்திலிருந்து வந்தார்கள். செங்கிலுள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயிலின் மாசி மகத்துக்குத் தோட்டமும் நகரமும் ஒன்றாகத் திரள்கின்றன.

திடலுக்கு வந்தால் பேச்சு காற்பந்துதான். ஆலோர் காஜாவில் பிறந்த சோ சின் ஆன் 1972 மூனிக் ஒலிம்பிக்கில் ஆடியவர். 1980இல் தென்கொரியாவை 2-1 என வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற மலேசிய அணியில் தற்காப்பு ஆட்டக்காரர் அவர், கோல்காவலர் ஆர். ஆறுமுகம். ஆப்கானிஸ்தான் மீதான சோவியத் படையெடுப்பைக் கண்டித்து மலேசியா புறக்கணித்ததால் அந்த அணி மாஸ்கோ போகவில்லை. அந்த வருத்தம் பழைய ரசிகர்களுக்கு நியாயமானது. மாநில அளவில், மலாக்கா அணி 1983இல் மலேசிய லீக் பட்டம் வென்றது. 40,000 பேர் அமரக்கூடிய குருபோங் ஹாங் ஜெபாட் அரங்கம் 2004இல் திறக்கப்பட்டது. 2016இல் மலாக்கா யுனைடெட் பிரிமியர் லீக் கிண்ணத்தை வென்று சூப்பர் லீக்குக்கு ஏறியது.