ஐபோன் குரோமும் கம்ப்யூட்டர் குரோமும் ஒன்றா? பிரவுசருக்குள் ஒளிந்திருக்கும் இன்ஜின் ரகசியம்!

கல்லூரி விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். அம்பத்தூரில் இருக்கும் என் சித்தி மகள், அண்ணன் கொடுத்த பழைய ஐபோனில் எல்லா விவரங்களையும் நிரப்பிவிட்டாள். 'சப்மிட்' பட்டனை அழுத்தினால் ஓர் அசைவும் இல்லை. சஃபாரியில் வரவில்லையென்று குரோமில் முயன்றாள். அங்கேயும் அதே கதை.

இரவு எட்டு மணிக்கு ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்கு ஓடினோம். அங்கே கம்ப்யூட்டரில் இருந்ததும் குரோம்தான். ஆனால், முதல் அழுத்தலிலேயே விண்ணப்பம் போய்விட்டது.

"என் போன்லயும் குரோம்தானேண்ணா இருக்கு?"

"பேருதாம்மா குரோம். உள்ளே ஓடுறது வேற" என்றார் சென்டர்காரர்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை.

பெயர்கள் பல, இன்ஜின்கள் மூன்று!

ஓர் இணையதளத்தின் நிரலைப் படித்து, நம் திரையில் பக்கமாக வரைந்து காட்டும் பகுதிக்கு 'இன்ஜின்' என்று பெயர். பிரவுசர்கள் எத்தனையோ இருந்தாலும், முக்கியமான இன்ஜின்கள் மூன்றுதான். குரோம், எட்ஜ், ஓபேரா, பிரேவ் ஆகியவற்றில் இருப்பது 'பிளிங்க்'. ஃபயர்ஃபாக்ஸில் 'கெக்கோ'. சஃபாரியில் 'வெப்கிட்'.

ஐபோனில் எந்த பிரவுசரை நிறுவினாலும் உள்ளே வெப்கிட்தான் ஓட வேண்டும் என்பது ஆப்பிளின் விதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024-ல் இந்த விதி தளர்ந்தது. இந்தியாவில் அப்படியேதான் இருக்கிறது. அதனால்தான் சஃபாரியில் நின்ற படிவம், ஐபோன் குரோமிலும் நின்றது.

நம்ம ஊர் தயாரிப்பும் களத்தில் இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த ஸோஹோ நிறுவனம் 2023-ல் 'உலா' என்று தமிழிலேயே பெயர் வைத்து ஒரு பிரவுசரை வெளியிட்டது. மத்திய அரசு நடத்திய இந்திய பிரவுசர் போட்டியில் 2025 மார்ச்சில் முதலிடம் பிடித்து, 1 கோடி ரூபாய் பரிசும் வென்றது. அதற்குள்ளும் ஓடுவது பிளிங்க்தான்.

ஒரே பிரவுசர் போதாதா?

போதாது என்பதற்கு வரலாறு இருக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்தான் ராஜா. 2001-ல் ஆறாவது பதிப்பு வந்தது. போட்டி இல்லாததால், ஏழாவது பதிப்புக்கு 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் தமிழ்த் தளங்களும் ஆளுக்கொரு எழுத்துருவில் இருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் எழுத்துகள் எல்லாம் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோட் என்ற பொதுத்தரம் பரவிய பிறகே அந்தத் தலைவலி தீர்ந்தது.

பிரவுசர்களுக்கும் அப்படிப் பொதுத்தரங்கள் உண்டு. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொஸில்லா எல்லாம் 2022 முதல் 'இன்டர்ஆப்' என்ற திட்டத்தில் சேர்ந்து, ஒரே அம்சம் எல்லா இன்ஜினிலும் ஒரே மாதிரி இயங்குகிறதா என்று ஆண்டுதோறும் சோதிக்கின்றன. ஆனாலும், தளத்தை உருவாக்குபவர் குரோமில் மட்டும் பார்த்துவிட்டு விட்டால், அவதிப்படுவது நாம்தான்.

எது யாருக்கு?

* எட்ஜ்: கட்டுரைகளைத் தமிழில் வாசித்துக் காட்டும். குரல்களின் பெயர் பல்லவி, வள்ளுவர்! கண் பார்வை மங்கிய தாத்தா, பாட்டிக்கு உதவும்.
* குரோம்: ஆங்கிலப் பக்கங்களைத் தமிழில் மொழிபெயர்த்துக் காட்டும்.
* ஃபயர்ஃபாக்ஸ்: ஆண்ட்ராய்டு போனிலும் விளம்பரத் தடுப்பான் போன்ற எக்ஸ்டென்ஷன்களைச் சேர்க்கலாம்.
* உலா: வேலைக்கு, வீட்டுக்கு, குழந்தைகளுக்கு எனத் தனித்தனி மோடுகள் உண்டு.

ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்கள், குரோமுடன் ஃபயர்ஃபாக்ஸையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இன்ஜின் மக்கர் செய்தால் இன்னொன்று கைகொடுக்கும். ஐபோன்காரர்களுக்கு மாற்று, வேறொரு கம்ப்யூட்டரோ ஆண்ட்ராய்டு போனோதான். எந்த போனாக இருந்தாலும் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

முக்கியமாக, விண்ணப்பத்தைக் கடைசி நாள் இரவு வரை வைத்திருக்காதீர்கள். பிரவுசிங் சென்டரும் ஒன்பது மணிக்கு ஷட்டரை இறக்கிவிடும்!