ஊரை அறிந்து தீட்டும் திட்டம்

ஓர் ஊரின் வளர்ச்சிக்குப் பணம் வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால் அப்பணத்தை எங்கே, எதற்கு, யாருக்காகச் செலவிடுவது என்று முடிவு செய்ய அவ்வூரைப் பற்றிய நம்பத்தகுந்த தகவலும் வேண்டும் என்பது பெரும்பாலும் மறக்கப்படுகிறது. எந்த நிலம் தரிசாகக் கிடக்கிறது, எந்தக் கிணறு கோடையில் வற்றுகிறது, யாருக்கு வேலை இல்லை என்பனவற்றை முறையாகத் திரட்டி ஆராய்வதே உள்ளூர் வளர்ச்சி ஆய்வு. இவ்வாய்வில் மக்களையே பங்குகொள்ளச் செய்து, அதை அரசின் திட்டமிடலோடு இணைத்த முன்னோடி மாநிலம் கேரளம்.

1962-இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் என்னும் அறிவியல் இயக்கம், திருவனந்தபுரத்தில் உள்ள புவி அறிவியல் ஆய்வு மையத்துடன் சேர்ந்து, ஊராட்சிதோறும் வள வரைபடம் தயாரிக்கும் முறையை உருவாக்கியது. நிலப்பயன்பாடு, மண், நீர்நிலைகள் ஆகியவற்றை ஊரின் ஒரே படத்தில் குறித்துக் காட்டுவதே வள வரைபடம். பயிற்சி பெற்ற உள்ளூர்த் தன்னார்வலர்கள் புல வரைபடத்துடன் நிலங்களை நேரில் நடந்து பார்த்துக் குறித்த விவரங்களை அறிவியலாளர்களின் நில அமைப்பு, நிலத்தடி நீர் ஆய்வுகளோடு பொருத்தியபோது, எங்கே தடுப்பணை கட்டலாம், எங்கே மண்ணரிப்பைத் தடுக்க வேண்டும் என்பது ஊராருக்கே தெளிவாயிற்று. கண்ணூர் மாவட்டத்தின் கல்லியாசேரி ஊராட்சி இத்தகைய ஆய்வை அடித்தளமாகக் கொண்டு வளர்ச்சித் திட்டம் வகுத்த தொடக்ககால எடுத்துக்காட்டாகும்.

ஊராட்சிகளுக்கு அரசியலமைப்புத் தகுதி அளித்த 73-ஆவது திருத்தத்தை அடுத்து, 1996-இல் கேரள அரசு மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, ஒன்பதாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் மாநிலத் திட்ட நிதியின் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்க முடிவு செய்தது. கிராம சபையில் மக்கள் தேவைகளை எடுத்துரைத்தனர்; ஊரின் வரலாறு, வளங்கள், குறைகள் ஆகியவற்றைத் தொகுத்து ஒவ்வோர் ஊராட்சியும் வளர்ச்சி அறிக்கை எழுதியது; அதனை விவாதித்த கருத்தரங்கிலிருந்து பணிக்குழுக்கள் உருவாகித் திட்டங்களைத் தீட்டின. ஓய்வுபெற்ற பொறியாளர்கள் உள்ளிட்ட வல்லுநர்கள் தன்னார்வத் தொழில்நுட்பப் படையாகத் திரண்டு அத்திட்டங்களைச் சரிபார்த்தனர். திருச்சூரை அடுத்த கேரள உள்ளாட்சி நிர்வாக நிறுவனம் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் அலுவலர்களுக்கும் பயிற்சி அளித்து வருகிறது. திட்ட நிதியில் 10 விழுக்காட்டைப் பெண்களுக்கான திட்டங்களுக்கு ஒதுக்கும் நெறியும், 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்னும் பெண்கள் சுயஉதவி இயக்கத்தின் அண்டை வீட்டுக் குழுக்களும் பெண்களின் தேவைகளையும் தொழில் முயற்சிகளையும் திட்டமிடலுக்குள் கொண்டுவந்தன.

இம்முயற்சியில் குறைகள் இல்லாமல் இல்லை. எல்லா ஊராட்சிகளின் அறிக்கைகளும் ஒரே தரத்தில் அமையவில்லை என்பதோடு, சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் கிடைத்த கவனம் வேளாண்மை போன்ற உற்பத்தித் துறைகளுக்குக் கிடைப்பது கடினமாகவே இருந்தது. நிலமும் நீரும் தொழிலும் மாறிக்கொண்டே இருப்பதால், ஒருமுறை திரட்டிய தகவலும் சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். எனவே ஊராட்சி தன் தகவலைத் தானே புதுப்பித்துக்கொள்ளவும், ஆய்வு நிறுவனங்களும் கல்லூரிகளும் அதற்குத் தொடர்ந்து துணைநிற்கவும் வழிசெய்வது, நிதி ஒதுக்கீட்டைப் போலவே அரசின் கடமையாகக் கொள்ளப்பட வேண்டும். தன் வளத்தையும் குறையையும் சான்றுடன் எடுத்துக்காட்டத் தெரிந்த ஊரே, வந்த நிதியைப் பயன்படுத்துவதோடு, வராத நிதியை உரிமையுடன் கேட்கவும் வல்லதாகிறது.