மருத்துவத்தின் ஐந்தாம் கூறு

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது பழமொழி. அச்செல்வம் குன்றும்போது அதனை மீட்டுத் தருவது மருத்துவம். நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார் திருவள்ளுவர். இக்காலத்தில் ஐந்தாம் கூறு ஒன்றையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அது மருத்துவத்திற்குப் பொருள் கொடுப்போன். பொருளைக் கொடுப்பவர் யார், எம்முறையில் கொடுக்கின்றார் என்பதைப் பொறுத்தே மருத்துவத்தின் போக்கு அமைகின்றது.

சவ்வாது மலையில் தோன்றித் திருவண்ணாமலை மாவட்டத்தை வளப்படுத்தும் செய்யாறு, திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கின்றது. அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உளது. 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை ஒன்றைக் குறிக்கின்றது. ஆதுலர் என்பார் நோயாளிகள். மருத்துவர்க்கும், மூலிகை கொணர்வோர்க்கும், பணிப்பெண்டிர்க்கும் ஆண்டுதோறும் இவ்வளவு நெல் என்று வரையறுக்கப்பட்டிருந்தது. ஆதலின், மருந்தை மிகுத்துக் கொடுப்பதால் மருத்துவர்க்கு ஆதாயம் இல்லை. எனினும், அச்சாலை கோயிற் பணியாளர்க்கும் அங்குப் பயின்ற மாணவர்க்குமே உரியது; நாட்டார் அனைவர்க்கும் உரியதன்று.

அமெரிக்க நாட்டில் வேறொரு முறை வேரூன்றியது. தன் கையே தனக்குதவி என்னும் கொள்கை அந்நாட்டாரிடம் வலுவாக உண்டு. இரண்டாம் உலகப்போர் நிகழ்ந்தபோது, 1942-இல், அரசு கூலி உயர்வுக்கு வரம்பு கட்டியது. தொழிலாளரை ஈர்க்க விரும்பிய முதலாளிகள் கூலி உயர்வுக்கு மாற்றாக மருத்துவக் காப்பீட்டை அளித்தனர். அப்பழக்கம் நிலைத்துவிட்டது. அதனால், வேலை போயின் காப்பீடும் போகும் என்னும் அச்சம் பிறந்தது. 1965-இல் முதியோர்க்கும் வறியோர்க்கும் அரசு தனித்திட்டங்கள் வகுத்தது. எல்லார்க்கும் பொதுவான ஏற்பாடு அமையவில்லை. மேலும், ஒவ்வொரு சோதனைக்கும் சிகிச்சைக்கும் தனித்தனியே கட்டணம் பெறும் வழக்கம் அங்குப் பரவியது. மிகுதியாகச் செய்வோர்க்கு வருவாயும் மிகுதி. தேவையற்ற சோதனைகள் பெருகுதற்கு இதுவும் ஒரு காரணம். அரிய மருந்துகளையும் கருவிகளையும் கண்ட அந்நாட்டிலேயே, செலவுக்கு அஞ்சி மருத்துவரை நாடாது வாழ்வாரும் உளர்.

நம் நாட்டு நிலை யாது? கீழ்பென்னாத்தூர் உழவர் ஒருவர் காய்ச்சலுற்று அரசு மருத்துவமனைக்குச் சென்றால், மருந்துக்கு விலை கேட்பாரில்லை. 1994-இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி அனுப்புகின்றது. அங்குள்ள மருத்துவர் பெறுவது மாதச் சம்பளம். ஆகவே, மிகை மருந்து கொடுக்கும் ஆசைக்கு இடமில்லை. ஆனால், சோர்வு புகுதற்கு இடமுண்டு. 2009-இல் தொடங்கிய அரசுக் காப்பீட்டுத் திட்டத்தால் ஏழையரும் தனியார் மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை பெற வழி பிறந்தது. மருத்துவச் செலவுக்காக நிலத்தை விற்ற குடும்பங்கள் நம்மிடையே பல உண்டாதலின், இந்நன்மை பெரிது. எனினும், சிகிச்சைதோறும் கட்டணம் என்னும் முறையும் உடன் வந்தமையால் விழிப்பும் வேண்டும்.

சம்பளமாயினும் கட்டணமாயினும் அதனதன் குறை அதனதனுக்கு உண்டு. அக்குறையை அறிந்து காவல் செய்வது அரசின் கடன். பொருளால் நெறி பிறழாதிருப்பது மருத்துவரின் கடன். இவ்விரண்டையும் கேட்டுப் பெறும் அறிவுடையராய் இருப்பது குடிமக்களின் கடன்.