மலையில் இருந்து இறங்கி வரும் பாட்டு!

குழந்தைகளே, ராத்திரி சாப்பாடு முடிந்ததும் தாத்தாவோ பாட்டியோ டிரான்சிஸ்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழைய பாட்டு கேட்பதைப் பார்த்திருக்கிறீர்களா? மதுரை, திண்டுக்கல், தேனி, திருச்சி பக்கத்துப் பிள்ளைகள் என்றால், அந்தப் பாட்டு கொடைக்கானலில் இருந்து வந்திருக்கலாம்.

கொடைக்கானல் சின்ன ஊர்தான். 2011 கணக்கெடுப்பில் அங்கே 40 ஆயிரம் பேர்கூட இல்லை. அங்கிருக்கும் அகில இந்திய வானொலியின் பண்பலை நிலையத்தை 100.5 மெகாஹெர்ட்சில் பிடிக்கலாம். டி.எம்.சௌந்தரராஜன், பி.சுசீலா, பி.பி.ஸ்ரீனிவாஸ் என்று அந்தக் காலத்துக் குரல்கள் எல்லாம் அதில் வரும்.

சரி, சின்ன ஊரின் பாட்டு இத்தனை மாவட்டங்களுக்கு எப்படிப் போகிறது? எல்லாம் மலை செய்யும் வேலை! பண்பலை அலைகள் டார்ச் லைட் வெளிச்சம் மாதிரி, ஏறக்குறைய நேராகத்தான் போகும். பூமியோ உருண்டை. தரையில் நிற்கும் கோபுரத்தில் இருந்து கிளம்பும் அலை, கொஞ்ச தூரத்திலேயே நம் தலைக்கு மேலே போய்விடும். கொடைக்கானல் இருப்பதோ 2,100 மீட்டர் உயரத்தில். அங்கிருந்து கிளம்பினால் 150 கிலோமீட்டர் தாண்டியும் தரையைத் தொடலாம். ஆனால், ஒரு குன்று குறுக்கே நின்றுவிட்டால், பக்கத்து ஊரிலேகூட வெறும் கரகரப்புதான்!

எங்கள் ஊர் மணப்பாறைக்கு அருகில். கொடைக்கானல் அங்கிருந்து நேர்கோட்டில் 100 கிலோமீட்டருக்கு மேல். என் அம்மாவுக்குக் கண்புரை வந்து பார்வை மங்கியபோது, அந்த ரேடியோதான் துணை. ராத்திரியில் மேற்கு ஜன்னலோரம் உட்கார்ந்து கடலை உடைத்தபடியே கேட்பார். பாட்டின் முதல் இசை வந்ததுமே, 'இது ஏ.எம்.ராஜா' என்று சொல்லிவிடுவார். ஒருநாளும் தப்பியதில்லை.

2003ல் ஒருநாள், 11 வயதான என் மகன் அந்த ரேடியோவின் ஏரியலை இழுத்து, வாள் சண்டை போட்டான். 'டக்' என்று அடியோடு ஒடிந்துவிட்டது. அன்று ராத்திரி ரேடியோவில் கொரகொர சத்தம்தான். அம்மா திட்டவில்லை. 'பரவாயில்லடா தம்பி' என்று சொல்லி ரேடியோவை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார். திட்டியிருந்தால்கூட அவன் அழுதிருக்க மாட்டான்.

மறுநாள் அவனிடம் சிலேட்டைக் கொடுத்தேன். "ரேடியோ அலை ஒரு நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடும். 100.5 மெகாஹெர்ட்ஸ் என்றால், நொடிக்கு 10 கோடியே 5 லட்சம் அலைகள். ஓர் அலையின் நீளம் என்ன?" என்று கேட்டேன். இரண்டு தடவை தப்பாகப் போட்டான். மூன்றாவது தடவை, ஏறக்குறைய 3 மீட்டர் என்று விடை வந்தது. அதில் கால் பங்கு நீளம் இருந்தால் ஏரியலுக்குப் போதும். அதாவது 75 சென்டிமீட்டர்.

பழைய ஒயர் ஒன்றில் ஸ்கேல் வைத்து அளந்து வெட்டினான். நுனியில் பிளாஸ்டிக்கைச் சுரண்டி, செம்புக் கம்பியை உடைந்த ஏரியலின் திருகில் சுற்றினான். (பேட்டரியில் ஓடும் ரேடியோ என்பதால்தான் அவனைத் தொட விட்டேன். கரண்டில் ஓடும் ரேடியோவை நீங்கள் தொடவே கூடாது!)

இரவு வந்தது. கொரகொர... ஒயரை ஜன்னல் கம்பியில் படாமல் தூக்கிப் பிடித்தான். கொஞ்சம் இடது பக்கம்... இன்னும் கொஞ்சம்... 'பளிச்' என்று வயலின் கேட்டது!

"அப்பாயி, யாருன்னு சொல்லுங்க பாப்போம்!"

"ஜிக்கிடா!" என்றார் அம்மா.

பாட்டு முடிகிறவரை அவன் தூக்கிய கையை இறக்கவே இல்லை.