வாடகை வீட்டில் ஒரு கால், சொந்த வீட்டில் ஒரு கால்!

ஞாயிற்றுக்கிழமை ஆனால் புரோக்கரின் பைக்குக்குப் பின்னாலேயே ஸ்கூட்டரில் அலைச்சல். தாம்பரம், மேடவாக்கம் என ஏறி இறங்கித் திரும்பினால், வாசலில் ஹவுஸ் ஓனர்: "அடுத்த மாசத்துல இருந்து வாடகை ரெண்டாயிரம் கூட!" சென்னையில் முதல் வீடு தேடும் பல குடும்பங்களின் கதை இதுதான்.

அந்த நேரத்தில் வரும் ரோஷம்தான் ஆபத்து. 'இந்த வாடகையை இஎம்ஐயா கட்டிடலாமே' என்ற கணக்கு பாதிதான் சரி. 50 லட்ச ரூபாய்க்குப் பழைய ஃபிளாட் வாங்கினால், ரிசர்வ் வங்கி விதிப்படி அதிகபட்சக் கடன் 80 சதவிகிதம், அதாவது 40 லட்சம். மீதி 10 லட்சம் போக, முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவிகிதம், 4.5 லட்சம். ஆக, 14.5 லட்சம் கையில் வேண்டும். வாடகை வீட்டு அட்வான்ஸோ ஓனரிடம் இருக்கிறது. காலி செய்தால்தான் அது வரும். காலி செய்ய வீடு வேண்டும்!

2019-ல் அமலுக்கு வந்த தமிழக வாடகைச் சட்டம் 3 மாத வாடகையைத்தான் அட்வான்ஸாகச் சொல்கிறது. இருவரும் சம்மதித்தால் கூடுதலாக வாங்கலாம் என்பதால், பலருக்கு அது ஏட்டளவில்தான்.

கட்டி முடிக்காத ஃபிளாட் என்றால் இன்னும் சிரமம். சாவி கைக்கு வரும்வரை வாடகையும் போகும், கடனுக்கு வட்டியும் போகும்.

அதனால் வீடு பார்க்கக் கிளம்பும் முன்பே ஓனரிடம் பேசி, வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பித்துவிடுவது நல்லது. அவசரம் குறையும். எத்தனை பிடித்தாலும், பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைப் பார்க்காமல் டோக்கன் பணம் கொடுக்க வேண்டாம். பார்க்கக் கட்டணம் இல்லை.