கட்டைக்கோரையின் பிடி

சாயல்குடியைச் சுற்றியுள்ள மூக்கையூர், வாலிநோக்கம் கடற்கரைகள் மன்னார் வளைகுடாவைச் சேர்ந்தவை. இந்த வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்கள் கட்டைக்கோரை என்றும் பக்கோடா பாசி என்றும் சொல்லும் பழுப்புப் பாசிகள் வெயிலில் காய்ந்து, மூட்டையாக ஆலைக்குப் போகின்றன. ஆலைக்கு வேண்டியது அவற்றின் செல்சுவரில் இருக்கும் அல்ஜினேட். 1880-களில் ஸ்டான்ஃபோர்டு என்ற பிரிட்டன் வேதியியலாளர் கண்டறிந்த பொருள் இது.

அல்ஜினேட் ஒரு நீண்ட சர்க்கரைச் சங்கிலி. அதில் இரண்டே வகைக் கண்ணிகள்: மானுரோனிக், குலுரோனிக். இரண்டிலும் எதிர்மின்னூட்டம் உண்டு. மானுரோனிக் வரிசையாக வந்தால் சங்கிலி பட்டையாக நீளும். குலுரோனிக் வரிசையாக வந்தால் மடிந்து மடிந்து குழி விழும். அப்படிப்பட்ட இரு சங்கிலிகள் எதிரெதிரே நெருங்கும்போது, நடுவிலுள்ள குழிகளில் கால்சியம் அயனிகள் அமர்ந்து இரண்டையும் பூட்டிவிடுகின்றன. 1973-இல் கிராண்ட், மோரிஸ், ரீஸ் ஆகியோரின் குழு இந்த அமைப்புக்கு 'முட்டைப்பெட்டி' என்றே பெயரிட்டது.

என்னை வியக்க வைப்பது இதுதான்: ஒரு கிலோ கடல்நீரில் சோடியம் 10 கிராமுக்கு மேல், கால்சியம் அரை கிராம்கூட இல்லை. ஆனாலும் பாசியின் சுவரை இறுக்குவது கால்சியமே. சோடியத்துக்கு ஒற்றை மின்னூட்டம். அதனால் இரு சங்கிலிகளைச் சேர்த்துப் பிடிக்க முடியாது.

ஆலையில் இந்தப் பூட்டைத் திறக்கிறார்கள். அமிலத்தில் ஊறவைத்தால் கால்சியம் விலகும். சோடா சாம்பல் சேர்த்தால் சோடியம் அல்ஜினேட்டாகக் கரையும். அந்தக் கரைசலைக் கால்சியம் குளோரைடில் சொட்டவிட்டால் அந்த நொடியே கூழ்மணிகளாக உறையும். கால்சியம் அல்ஜினேட் காயக்கட்டு வேலை செய்வதும் இந்தப் பரிமாற்றத்தால்தான். இரத்தத்தின் சோடியம் கட்டுக்குள் போக, வெளிவரும் கால்சியம் இரத்தம் உறைய உதவுகிறது.

ஆனால் கால்சியத்தைவிட ஈயம், செம்பு, காட்மியம் ஆகியவற்றை அல்ஜினேட் இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். கதிரியக்க ஸ்ட்ரான்ஷியம் குடலிலிருந்து உடலில் சேராமல் தடுக்க அல்ஜினேட்டைத் தரலாம் என்று 1960-களில் கனடா ஆய்வாளர்கள் காட்டினார்கள். உலர்ந்த பாசியால் கழிவுநீரிலுள்ள ஈயத்தை உறிஞ்சியெடுக்கலாம்; பிறகு அமிலத்தில் கழுவி அதே பாசியைத் திரும்பப் பயன்படுத்தலாம்.

உயிருள்ள பாசியும் கடலில் இதைத்தான் செய்கிறது. கழிவு கலக்கும் இடத்தில் வளர்ந்த பாசி அந்த உலோகங்களைத் தன் சுவரில் சேர்த்துக்கொண்டே போகும். அதை உணவுக்கோ, தீவனத்துக்கோ, வயலுக்கோ எடுக்குமுன் ஈயமும் காட்மியமும் எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் சோதித்தே ஆக வேண்டும்.