மாவின் மென்மை எங்கே இருக்கிறது?

எங்கள் உம்மம்மாவுக்குக் கண்பார்வை மங்கி இரண்டு வருடங்களாகின்றன. விழுந்துவிடுவார், கை சுட்டுவிடும் என்ற பயத்தில் நாங்கள் அவரைக் குசினிப் பக்கமே விடவில்லை. நோன்பு காலத்தில் ஒருநாள், ரொட்டிக்குக் குழைத்த மாவை அவரது கையில் கொடுத்து, “பதம் சரியா உம்மம்மா?” என்று கேட்டேன். அவர் அதை அமுக்கினார், இழுத்தார், உருட்டினார். “இன்னும் கொஞ்சம் தண்ணி தெளிங்க மகள்” என்றார்.

அவர் உணர்ந்த மென்மை எங்கே இருந்தது? மாவிலா, விரலிலா, மூளையிலா?

சிவப்பைக் காணும்போதும் வலி எடுக்கும்போதும் நமக்குள் ஏற்படும் அந்தத் தனி உணர்வையே தத்துவவியலாளர் அனுபவத்தின் பண்பு என்பர். அதை மூளைக்குள் மட்டும் தேடுவோர் பலர். ஆனால் பயன்வழிவாதியான அமெரிக்கத் தத்துவஞானி ஜோன் டூயி, 1896இல் வெளியான கட்டுரையொன்றில் மெழுகுதிரிச் சுடரைத் தொடப்போகும் குழந்தையை எடுத்துக்காட்டி வேறு வழி காட்டினார். பார்ப்பதும் ஒரு செயலே. அது நீளும் கையை வழிநடத்துகிறது. ஒருமுறை சுட்டபின் அதே சுடர் ‘சுடும் சுடர்’ ஆகவே குழந்தைக்குத் தெரிகிறது. செயலோடு சேர்ந்து அனுபவத்தின் பண்பும் மாறிவிடுகிறது.

1969இல் போல் பாக்-இ-ரீட்டா என்ற ஆய்வாளர், பார்வையற்றோரை விசேட கதிரையொன்றில் அமர்த்தி, கமெராவில் விழும் காட்சியை 400 அதிர்வு முனைகள் மூலம் அவர்களது முதுகில் உணரச் செய்தார். பயிற்சியின் பின் அவர்கள் பொருட்களை இனங்கண்டனர். கமெராவைத் தாமே அசைத்தபோது, பொருள் முதுகிலன்றித் தம் முன்னால் இருப்பதாக உணர்ந்தனர்.

இதனால்தான் உடல்சார் மனக் கொள்கையாளர், அனுபவம் நமக்குள் வந்து விழுவதன்று, உடலால் நாம் செய்வது என்கின்றனர். மென்மை என்பது அமுக்கும்போது மா விட்டுக்கொடுக்கும் விதம். அமுக்காத கைக்கு அது கிடைக்காது.

கனவில் உடல் அசையாமலே நிறங்கள் தெரிகின்றனவே என்று மறுப்போரும் உளர். அது நல்ல கேள்விதான். விவாதம் இன்னும் முடியவில்லை.

ஆனால் எனக்கு ஒன்று விளங்கியது. அன்பினால்தான் உம்மம்மாவைச் சும்மா இருத்தி வைத்தோம். வேலையை மட்டும் எடுத்துவிட்டோம் என்று நினைத்தோம். அவருக்கு எஞ்சியிருந்த உலகத்தில் ஒரு பங்கையும் சேர்த்தே எடுத்திருக்கிறோம்.

இப்போது எங்கள் வீட்டில் மா குழைப்பவர் உம்மம்மாதான். அடுப்பு மட்டும் எங்கள் பொறுப்பு.